ஓரின் தேர்ந்தெடுத்த மேல்வழி

என் நாத்தனார் கார்லீனின் கணவர் ஓரின் சாப்பிட உட்காரும்போது, தட்டுக்குப் பக்கத்தில் அவள் வைக்கும் தண்ணீர்த் தம்ளரைத் தொடமாட்டார். எழுந்து போய்க் குழாயில் தானே பிடித்துக்கொண்டு வருவார். அவளும் இத்தனை வருஷமாக வைத்துக்கொண்டுதான் இருக்கிறாள். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

நெப்ராஸ்காவிலிருந்து எங்கள் ஊருக்குப் பள்ளிப் பேருந்து பழுதுபார்க்க வந்தவர் ஓரின். கார்லீனைக் கேட்டு வந்தபோது என் மாமனார் தெய்ன் அவர் கையில் வரைபடத்தைக் கொடுத்தார். எங்கள் வீட்டு வழக்கம் அது. பெண் கேட்கிறவன் பள்ளத்தாக்குக்குள் நாலு நாள் நடக்க வழி தேர்ந்தெடுக்க வேண்டும். குடும்பமே மூட்டை தூக்கிக்கொண்டு அவன் பின்னால் போகும். அவன் செய்வது தப்பென்றாலும் யாரும் வாய் திறக்கக் கூடாது. வழி தவறினால் தொப்பியைக் கழற்றி, தனக்கு ஒன்றும் தெரியாது என்று எல்லார் முன்னாலும் அவன் சொல்ல வேண்டும். அதற்கு அப்புறம்தான் உதவி. மாட்டேன் என்றால் பெண் இல்லை.

ஓரின் எங்கள் சமையலறை மேஜையில் வரைபடத்தை விரித்து நாள் கணக்கில் பார்த்தார். ஆற்று வழியில் முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். மேல்வழி பாறை விளிம்போடு போவது. நடக்கச் சுலபம், ஆனால் ஒரே ஒரு ஊற்று.

"அத்தைக்கு முட்டி வலி. ஆத்துல வழுக்கி விழுந்துட்டா? மேல்வழியே போவோம்" என்றார்.

"தண்ணிக்கு?" என்று கேட்டான் கொழுந்தன் லமார்.

ஓரின் நீலப் புள்ளியைத் தொட்டுக் காட்டினார். "ரெண்டாம் நாள் சாயங்காலம் ஊத்துக்குப் போயிடலாம்."

"படத்துல இருந்தா இருக்கும்" என்றார் தெய்ன்.

கார்லீன் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

நான் வெளியூரிலிருந்து வந்த மருமகள். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் புறப்படும்போது மூட்டைகளை வண்டியில் ஏற்றியவள் நான். ஓரினுடையதைத் தவிர எல்லாம் கல்லாகக் கனத்தன. மாமியார் மூட்டையில்கூடத் தண்ணீர்ப் புட்டிகள்.

முதல் நாள், மேலே ஏறுவதற்கு முன்னால் வரும் கடைசிக் குட்டையில் ஓரின் பக்கத்தில் போய் நின்றேன்.

"இங்கேயே எல்லாத்தையும் ரொப்பிக்கோங்க, ஓரின். அந்த ஊத்தை நம்பாதீங்க."

அவர் சிரித்தார். "உங்களையும் அனுப்பிட்டாங்களா டெல்லா? போன வாரம் லமார் இப்படித்தான் பாறை சரிஞ்சு வழி மூடிடுச்சுன்னு புளுகினாரு."

"நான் நிஜமாத்தான் சொல்றேன்."

"அவரும் அப்படித்தான் சொன்னாரு."

இரண்டு புட்டி ரொப்பிக்கொண்டு முன்னால் நடந்தார்.

மறுநாள் சாயங்காலம் ஊற்று இருந்த இடத்தில் வெடித்த களிமண்தான் இருந்தது. ஓரின் மண்டியிட்டுக் கையால் தோண்டினார். பிறகு கத்தியால்.

"இன்னும் கொஞ்சம் தோண்டுங்க மாப்பிள்ளை, நெப்ராஸ்கா வந்துடும்" என்றான் லமார்.

எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து புட்டிகளை எடுத்துக் குடித்தார்கள். மாமியார் நன்றாகக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். நான் என்னுடையதை ஓரினிடம் நீட்டினேன். தெய்ன் பார்த்தார். என் கணவர் அதை என் கையிலிருந்து வாங்கி மூடினார்.

மறுநாள் உச்சிவெயில்வரை ஓரின் யாரிடமும் தண்ணீர் கேட்கவில்லை. உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. கடைசியில் கார்லீனிடம் போனார்.

"உனக்குத் தெரியுமா?"

"அது வத்திப் பல வருஷம் ஆச்சு. எல்லாருக்கும் தெரியும்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா அப்பா கல்யாணத்துக்கு ஒத்துக்க மாட்டாரு. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிட்டு வாங்க. தர்றேன்." அவள் கையில் நிரம்பிய புட்டி இருந்தது.

ஓரின் தொப்பியைக் கழற்றினார். "எனக்கு ஒண்ணும் தெரியாது சார். நீங்க கூட்டிட்டுப் போங்க."

"பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல" என்றார் தெய்ன்.

இன்னொரு தடவை சொன்னார். தொண்டையில் குரலே இல்லை; பின்னால் நின்ற எனக்குக் கேட்கவில்லை, உதடு அசைந்தது தெரிந்தது. தெய்ன் தலையாட்டினார். கார்லீன் புட்டியைக் கொடுத்தாள். குடித்ததை வாந்தி எடுத்துவிட்டு மறுபடி குடித்தார்.

செப்டம்பரில் கல்யாணம். விருந்தில் தெய்ன் இந்தக் கதையைச் சொன்னபோது ஓரினும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார்.

தெய்ன் இப்போது இல்லை. அந்த நடையைக் கார்லீன் நடத்துகிறாள். அவர்களுடைய மூத்த மகளைக் கேட்டிருக்கும் பையனிடம் போன ஞாயிற்றுக்கிழமை வரைபடத்தைக் கொடுத்தாள். ஓரின் கூட நடப்பதில்லை. எல்லோரையும் வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, நாலாம் நாள் மறுமுனையில் போய்க் காத்திருப்பார்.