ஞாயிறு கணக்கில் சேராது

சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்திய சனி வரை எண்ணினால் நாற்பத்தாறு நாள் வரும். ஆனால் எங்கள் கத்தோலிக்கத் தவக்காலம் நாற்பது நாள்தான். இடையில் வரும் ஆறு ஞாயிறுகள் ஆண்டவர் உயிர்த்த நாள் என்பதால் நோன்புக் கணக்கில் சேராது. சின்ன வயதில் உபதேசியார் சொல்லிக்கொடுத்தது இது. மாரண்டஹள்ளி தக்காளி மண்டியில் முப்பத்தொரு வருஷம் பெட்டி எண்ணிய எனக்கு, அதிகம் பயன்பட்ட கணக்கு இதுதான்.

ஒவ்வொரு தவக்காலத்திலும் குடியை நிறுத்துவேன். "குடிகாரனா இருந்தா இப்படி நிறுத்த முடியுமா?" என்று மனைவியிடம் கேட்பேன். முதலில் ஞாயிறு மட்டும் விலக்கு. பிறகு, சனி மாலைப் பூசை ஞாயிறு பூசைக்குச் சமம் என்று சாமியாரே சொல்கிறாரே என்று சனி மாலையே தொடங்கினேன். சூசையப்பர் திருநாளும் தவக்காலத்தில்தான் வரும். திருநாளில் என்ன நோன்பு?

"திங்கக்கிழம காலையில குடிச்சீங்களே, அது எந்தத் திருநாளுங்க?" என்று ஒரு தடவை கேட்டாள்.

"நேத்து வாங்குனதுல மிச்சம். ஞாயித்துக்கிழம பாட்டிலுதான்."

"பாட்டிலுக்குக்கூடவா கிழம இருக்குது!"

இந்த வருஷம் மகளுக்கு ஓசூரில் இரண்டாவது பிரசவம். தவக்காலக் கடைசியில் நாள் சொல்லியிருந்தார்கள். மாமியார் இல்லாத வீடு. மனைவி போயே ஆகவேண்டும். ஆனால் பையில் சேலைகளை அடுக்கியவள் திரும்ப எடுத்து வைத்துவிட்டாள்.

"உங்கள வுட்டுட்டு எப்படிப் போறது? போன மாசம் கேஸ தொறந்து வுட்டுட்டுத் தூங்குனீங்க."

"தவக்காலந்தானே. தொடமாட்டேன்."

"ஞாயித்துக்கிழம?"

நான் காலண்டர் பக்கம் திரும்பினேன்.

"ஒரே ஒரு ஞாயித்துக்கிழமய சேத்து எண்ணிக் காட்டுங்க, போறேன்."

இதென்ன பெரிய காரியம் என்றுதான் நினைத்தேன். புதன் முதல் சனி வரை நான்கு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஞாயிறு பூசையில் பாட்டுப் புத்தகம் கையில் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் வாங்கிப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. மின்விசிறி சத்தம் பிடிக்கவில்லை, சட்டை பிடிக்கவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் பதினெட்டு அடி. அதை எத்தனை தடவை நடந்தேன் என்ற எண்ணிக்கை முதல்முறையாக எனக்குத் தவறியது. சாயந்தரம் கடைக்குப் போய்விட்டேன். குடித்துக் கை நடுக்கம் நின்றபிறகு ஒன்று உறைத்தது. அந்த நான்கு நாளும் நான் நிறுத்தியிருக்கவே இல்லை. ஞாயிறுக்காகக் காத்திருந்தேன், அவ்வளவுதான். இத்தனை வருஷத் தவக்காலமும் அதேதான்.

மறுநாள் நானே, "தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போலாம், நீயும் வா" என்றேன். அவள் உடனே செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

"ஒரு நாளைக்கு எவ்வளவுங்க ஐயா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஒரு கட்டிங்" என்றேன். குவார்ட்டரில் பாதி.

"டாக்டரம்மா, அவருக்கு நல்லா கூட்டத் தெரியுமுங்க" என்றாள் மனைவி. "சொல்லத்தான் மாட்டாரு."

கூட்டினேன். இரண்டு குவார்ட்டர் வந்தது. வாய்விட்டுச் சொன்னேன். பல வருஷமாகக் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், வீட்டில் தனியாக இந்தச் சோதனை வேண்டாம் என்று சொல்லி அங்கேயே படுக்க வைத்தார். ஒன்பது நாள். மாத்திரை, ஊசி, வியர்வை. வெளியே வரும்போது, பாலக்கோட்டில் ஒரு பள்ளிக்கூட அறையில் குடியை விட்டவர்கள் கூடுகிறார்கள், அவசியம் போங்கள் என்றார். என்றைக்கு என்று கேட்டேன். ஞாயிறு சாயந்தரம்.

முதல் தடவை போனபோது பதினான்கு நாற்காலிகள், ஒன்பது பேர். எல்லாரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. வேறு வழியில்லாமல் என் ஞாயிறு கணக்கைச் சொன்னேன். ஒரு லாரி டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஐயா, நானு மலைக்கு மாலை போட்டா நாப்பத்தெட்டு நாளு சுத்தமுங்க. ஆனா போட்ட அன்னிக்கே கழட்டுற தேதிய எண்ண ஆரம்பிச்சிருவன். உங்களுக்கு வாரம் ஒருக்கா கழட்டுற மாலை. கொடுத்து வெச்சவரு!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே பயமும். கழற்றும் தேதி இல்லாத ஒரு கணக்கை நான் போட்டதே இல்லை.

நேற்று மனைவியை ஓசூர் பஸ் ஏற்றிவிட்டேன். இன்று ஞாயிறு. கடை பன்னிரண்டு மணிக்குத் திறக்கும். கூட்டம் ஐந்து மணிக்கு. நடுவில் ஐந்து மணி நேரம். அடுப்பு மூடியிருக்கிறதா என்று நாலு தடவை பார்த்தாயிற்று. பூட்டை இழுத்துப் பார்த்தாயிற்று. கை சும்மா இருக்கக்கூடாது என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். பன்னிரண்டு அடித்ததும் மனைவியின் போன் வந்தது.

"சாப்ட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

பின்னால் பேத்தி எதற்கோ அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னிக்கு கணக்குல சேருதுங்களா?"

"சேருது" என்றேன். "இப்பவே பாலக்கோட்டு பஸ்ஸுக்குக் கெளம்பறேன்."

"அஞ்சு மணிக்குத்தானே?"

"அங்க போயி ஒக்காந்துக்கறேன்."