வெள்ளைச்சாமியின் எரிமலைக் காசு

என் அக்கா பிரகதாம்பாளின் கணவர் வெள்ளைச்சாமி. திருமயம் பக்கத்துக் கல்குவாரியில் இருபத்திரண்டு வருடங்களாகப் பாறைக்கு வெடி வைப்பவர். தீபாவளிக்கு ஒரு பட்டாசுகூடக் கொளுத்த மாட்டார். பத்து விரலும் பத்திரமாக இருக்கும் ஒரே வெடிக்காரர் என்று அவரைக் கேலி செய்வார்கள்.

போன லீவில், நான் வேலை பார்க்கும் தீவில் வெளியிட்ட நினைவு வெள்ளி நாணயம் ஒன்றை அவருக்குக் கொண்டுபோனேன். தீவின் எரிமலைகளையும் அங்குள்ள உயிர்களையும் கொண்டாட அடித்த காசு. புகை கக்கும் மலை; அதன் விளிம்பிலிருந்து எழும்பும் பறவைகள்.

“எரியுற மலைய வீட்டுக்குள்ள வைக்காதீங்க. உருக்கிப் புள்ளைக்குக் கொலுசு போடலாம்” என்றாள் அக்கா.

மச்சான் சிரித்தபடி அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “பறவ முன்னாடியே கெளம்பிருச்சு பாத்தியா மாப்ள? நம்ம மயிலு மாதிரியே.”

குவாரி விளிம்பில் மேயும் மயில்கள், வெடிக்கு முன் ஊதும் விசிலுக்கே பறந்துவிடும். எல்லாம் வெடித்து அடங்கியபின் திரும்பி வரும். அவை வந்தால்தான் மச்சான் பள்ளத்தில் இறங்குவார்.

நேற்று போன் செய்தார். பாறையில் பதினோரு குழிகளுக்கு மருந்து வைத்தாராம். எண்ணியதில் பத்துச் சத்தம்தான். ஒன்று வெடிக்காமல் அப்படியே கிடக்கிறது. சாயங்காலம் வரை மயில்கள் வரவில்லை, அவரும் இறங்கவில்லை.

“‘என்ன வெள்ளைச்சாமி, ஒன் மயிலு லீவு லெட்டர் குடுத்துச்சா’ங்கிறான் சூப்பர்வைசர் பெரியண்ணன். லாரியெல்லாம் நிக்குதாம். நாளைக்குப் புது ஆளு வாரானாம்.”

“விடுங்க மச்சான். வீட்டுல இருங்க.”

“அவனுக்கு எந்தக் குழின்னு தெரியாதே மாப்ள. அது மேலயே தொளை போடுற மிஷின வச்சான்னா?”

“பெரியண்ணன்ட்ட சொல்லலையா?”

“சொன்னேனே. ஒனக்குக் காது மந்தமாயிருச்சுங்கிறான். வெள்ளனப் போயி அதுகிட்ட ஒரு செவப்புத் துணிய நட்டுட்டு வந்துர்றேன்.”

வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டார்.

இன்று இங்கே மதியம் ஆனதும் கூப்பிட்டேன். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். மச்சான் எடுக்கவில்லை. மூன்று முறை போட்டுவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

“இருட்டோட போனாக தம்பி, இன்னும் வரல. அந்தக் காச டிவி மேல வச்சுட்டு, ‘ஒம் புள்ளைக்குக் கொலுசு அடிச்சுக்க’ன்னாக. அம்புட்டு ஆசையா வச்சிருந்தாக, என்னாச்சோ.”

“அக்கா, வெளிய வந்து பாரு. மயில் சத்தம் கேக்குதா?”

குவாரியைப் பார்த்த வாசலுக்குப் போனோடு வந்தாள். காற்றின் இரைச்சல் மட்டும் என் காதில் விழுந்தது.

“ஒண்ணையும் காணோமேடா. ஏன் கேக்குற?”