வாசிப்பு முடியும்வரை

எங்கள் அப்பா கிழமை நாட்களில் வைலே நகரில் ஒரு தொழிற்சாலையில் இறைச்சி பொதி செய்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதாகோயிலில் ஓர்கன் வாசிப்பார். டென்மார்க்குக்கு வருமுன் சில வருடங்கள் பாரிஸில் அகதியாக இருந்தவர். அங்கே ஒரு கோயிலில் கூட்டித் துடைக்கிற வேலைக்குப் போய், ஓர்கன் மேடையைத் துடைக்கிற சாட்டில் வாசிப்பையும் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். துடைத்த நேரம் குறைவு என்று அம்மா சொல்லுவா.

அவர் கற்றது பிரெஞ்சு முறை. அதில் முன்னால் சுரம் எழுதிய தாள் இருக்காது. அன்றைய பாட்டிலிருந்து ஒரு வரியை எடுத்து, அந்த நேரத்தில் தோன்றுவதை அதன்மேல் கட்டிக்கொண்டு போகவேண்டும். கீழே பீடத்தில் நடக்கிற காரியம் முடிகிறபோது மேலே வாசிப்பும் முடியவேண்டும். ஓர்கன்காரரின் முதுகுதான் பீடத்தைப் பார்க்கும் என்பதால் கட்டைகளுக்கு மேலே ஒரு சிறிய கண்ணாடி மாட்டியிருக்கும். தமிழ்ப் பூசையில் எங்கள் ஆட்கள் காணிக்கை போட எழும்பினால் போட்டுவிட்டு உடனே வந்து தங்கள் வாங்கில் உட்காரமாட்டார்கள். வழியில் சுகம் விசாரித்து, பிறந்த பிள்ளையைத் தூக்கிப் பார்த்து, ஆறுதலாக வருவார்கள். அப்பா கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து வாசிப்பை இழுத்துக்கொண்டே இருப்பார். இழுக்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. அதுதான் கெட்டித்தனம் என்பார்.

என் தம்பிக்கு அப்பாவின் வித்தை ஒரு விளையாட்டு. 'மெட்டுத் தாறன், வாசியுங்கோ' என்று ஒன்றை முனகுவான். அது எப்போதும் எங்கள் தெருவுக்கு வரும் ஐஸ்கிரீம் வண்டியின் மணிதான். அதை மெட்டென்றே சொல்ல முடியாது. அப்பா அதையும் வீட்டிலிருந்த சின்னக் கீபோர்டில் வைத்துப் பெரிய திருவிழாவாக்கிக் காட்டுவார். தம்பி நிலத்தில் விழுந்து சிரிப்பான்.

அவனுக்கு ஆறு வயதானபோது இரத்தத்தில் புற்றுநோய் என்றார்கள். மாரிகாலம் முழுவதும் ஆஸ்பத்திரியில் கிடந்தான். வெயில் வந்தால் சுகமாகிவிடும் என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எந்தத் தைரியத்தில் சொன்னார்களோ தெரியாது. வெயில் வந்தது. தம்பி செத்துப்போனான்.

அடக்கப் பூசைக்கு அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து பெரியம்மாவும் பெரியப்பாவும் வந்திருந்தார்கள். அப்பா ஓர்கன் மேடைக்கு ஏறப் போவதைக் கண்டதும் பெரியம்மா படியடியிலேயே மறித்தா.

"உங்களுக்கு விசரே? மனுசிக்குப் பக்கத்தில இருங்கோ."

"வேற ஆர் வாசிக்கிறது?" என்றுவிட்டு அப்பா ஏறிவிட்டார்.

அம்மாவின் ஒரு பக்கம் பெரியம்மாவும் மறுபக்கம் நானுமாக முன்வாங்கில் இருந்தோம். வெள்ளைப் பெட்டி மிகவும் சின்னதாக இருந்தது. அம்மா அழக்கூட இல்லை. அவவின் கை என் கைக்குள் சில்லென்று கிடந்தது. எனக்கு அப்பாவில் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. எல்லோரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் ஒருவர் மட்டும் ஒளித்துக்கொள்ள இடம் தேடிக்கொண்டார் என்று நினைத்தேன்.

பூசை முடிந்தது. குருவானவர் தீர்த்தம் தெளித்தார். கறுப்பு உடுப்புப் போட்ட சவ அடக்கக்காரரும் அவருடைய ஆட்களும் பெட்டியின் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். அப்பா கடைசி வாசிப்பைத் தொடங்கினார்.

ஐஸ்கிரீம் வண்டியின் மணி வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவேயில்லை. தாழ்ந்த சுரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, முடியப்போவதுபோல் வந்து, திரும்பவும் வேறெங்கோ போயின. பெட்டியடியில் நின்றவர்கள் அசையவில்லை. குருவானவர் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றார். பின் வரிசை வாங்குகளில் ஆட்கள் இருமத் தொடங்கினார்கள்.

"உவர் என்ன, கச்சேரியே வைக்கிறார்?" என்று பெரியம்மா பல்லைக் கடித்தா.

கடைசியில் சவ அடக்கக்காரர் குனிந்து என் காதில் டேனிஷில் சொன்னார். வாசிப்பு முடிந்த பிறகுதான் அவர்கள் பெட்டியைத் தூக்குவார்களாம், நடுவில் தூக்குவது மரியாதையில்லையாம். அப்பாவுக்கு இதைச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

எனக்கு விஷயம் உடனே பிடிபட்டுவிட்டது. இவர்கள் தூக்கினால்தான் முடிப்பேன் என்று பிரெஞ்சு முறைக்காரர் மேலே இருக்கிறார். முடித்தால்தான் தூக்குவோம் என்று டேனிஷ்காரர் கீழே நிற்கிறார்கள். வரி அலுவலகத்திலும் ஆஸ்பத்திரியிலும் எங்கள் வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளர் நான்தான். இதுவும் என்னுடைய வேலைதான் என்று எழும்பிப் போனேன்.

மேடைப் படி ஒடுக்கமாக, சுழன்று சுழன்று போனது. அப்பாவின் கோட்டு முதுகு வியர்வையில் நனைந்திருந்தது. கண்ணை அவர் கண்ணாடியைவிட்டு எடுக்கவில்லை. அதற்குள் பெட்டி தீப்பெட்டி அளவில் தெரிந்தது.

"அப்பா, நீங்கள் முடிச்சாத்தான் அவை தூக்குவினம். அதுக்குத்தான் பாத்துக்கொண்டு நிக்கினம்."

"தெரியும்."

ஆனாலும் வாசித்துக்கொண்டே இருந்தார். நான் சொன்னது காதில் விழவில்லையாக்கும் என்று நினைத்தேன். இன்னும் கிட்டப் போய், "அம்மா களைச்சுப்போனா அப்பா," என்றேன்.

சுரங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது. ஓர்கனில் கட்டையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை சத்தம் குறையாது, ஒரே அளவில் நிற்கும். விரலை எடுத்த அந்த நொடியே நின்றுவிடும். அந்த ஒரு கட்டையை அப்பா வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு எடுத்துவிட்டார்.

நான் விறுவிறென்று கீழே இறங்கி வந்து சவ அடக்கக்காரருக்குத் தலையாட்டினேன். அவர் மெல்லிய குரலில் நன்றி சொன்னார். தூக்கினார்கள். அப்போதுதான் அம்மா கத்தினா. அந்தச் சத்தத்தை இன்றைக்கும் என்னால் எழுத்தில் போட முடியவில்லை. அப்பா மேலேயிருந்து இறங்கவில்லை. பெரியப்பா போய்க் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்.

பெரிய சிக்கலொன்றைத் தீர்த்துவைத்த பெருமை எனக்குக் கனகாலம் இருந்தது. அப்பா பாவம், இந்த நாட்டு வழக்கம் தெரியாமல் மேலே இருந்து முழித்தார் என்று பள்ளிக்கூடத்தில்கூடச் சொல்லியிருக்கிறேன். அதே ஓர்கனில் எத்தனையோ டேனிஷ்காரரின் அடக்கத்துக்கு வாசித்தவர் அவர். கையை எடுத்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அந்தக் கோயிலில் இருந்த எல்லோரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.