முட்டைக்குள் துடித்தது

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் நாங்கள் மதுரை கீழவாசல் பக்கம் ஒரு சந்தில், மாடி வீட்டில் குடியிருந்தோம். என் கணவர் காலேஜில் உயிரியல் பாடத்துக்கு டெமான்ஸ்ட்ரேட்டர். கீழே வீட்டுக்கார ராவுத்தர் குடும்பம். ராவுத்தரும் பையன்களும் துணிக்கடைக்குப் போய்விட்டால் பகல் முழுக்க வீட்டில் அவர் மனைவியும் நானும் கோழிகளும்தான். அந்த அம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

அந்தச் சித்திரையில் நான் முழுகாமல் மூன்று மாதம். வெயில் அடிக்க அடிக்கக் கண் சொருகும். தறிச்சத்தமும் ஜட்காவண்டிச் சத்தமும் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல இருக்கும். தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரியாமல் கிடப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்காவின் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த முட்டைகளில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு அவர் மாடிக்கு வந்தார். காலேஜ் பையன்களுக்குக் காட்டுமுன் செய்து பார்க்க வேண்டுமாம். எனாமல் கிண்ணியில் வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர் ஊற்றி, அதற்குள் முட்டையை மெல்ல உடைத்தார். பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்.

மஞ்சள் கருவின் மேலே சிவப்பு நூல்களாய் ரத்த நாளங்கள். அவற்றின் நடுவே புளியங்கொட்டையைவிடச் சின்னதாக ஒன்று வளைந்து கிடந்தது. கரிய கண் ஒன்று பெரிதாகத் தெரிந்தது. நெஞ்சில் சிவப்புப் புள்ளி ஒன்று துடித்தது. கழுத்தில் மடிப்பு மடிப்பாக இருந்தது. பின்னால் வால்.

அந்த மடிப்புகள் மீனுக்குச் செவுளாகிவிடும் என்றார். கோழிக்கும் நமக்கும் அதே மடிப்புகள் வந்து, செவுளாகாமல் தாடையும் காதுமாக மாறிவிடுகின்றனவாம். மீன், பல்லி, கோழி, மனுசன் எல்லாம் எந்தக் காலத்திலோ ஒரே வம்சத்திலிருந்து பிரிந்தவை. அதனால்தான் ஆரம்பத்தில் இம்புட்டு ஜாடை என்றார். பேச்சு சுவாரசியத்தில், போன மாதம் நம்ம பிள்ளைக்கும் இப்படித்தான் வால் இருந்திருக்கும் என்று சொல்லிவிட்டார்.

கையை வயிற்றில் வைத்துக்கொண்டு கேட்டேன்: "அப்ப அது எப்பங்க மனுசப் பிள்ளையாகும்?"

அவர் கிண்ணியைக் கீழே வைத்தார். "அது மொதல்லருந்தே மனுசப் பிள்ளைதான். வார வழிதான் பழைய வழி," என்றார்.

அதன்பிறகு கொஞ்ச நாள் நான் மீனைத் தொடவில்லை. சுவரில் பல்லி ஓடினால் அதன் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். மத்தியான மயக்கத்தில் என் பிள்ளை வைகையில் நீந்திப் போவதுபோலவும், கரையேறும்போது ஆட்டுக்குட்டியாக இருப்பதுபோலவும் கனவு வரும். பயமாக இல்லை. கனவில் நானும் பின்னாலேயே நீந்துவேன்.

நான் சாப்பிடாமல் இருப்பதைப் பார்த்து அக்கா என்னவென்று கேட்டாள். முட்டையில் பார்த்ததைச் சொன்னேன். மார்க்கத்துக்கு விரோதமான பேச்சு என்று கோபப்படுவாளோ என்று பயந்தேன். அக்கா கோபப்படவில்லை. புடைத்துக்கொண்டிருந்த முறத்தை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். பையன்கள் பிறப்பதற்கு முன்னால் அவளுக்கு ஒன்று உண்டாகி, இரண்டு மாதத்திலேயே கலைந்துபோயிருக்கிறது. வெறும் ரத்தக்கட்டிதான், அதற்கு எதற்கு அழுகை என்று சுற்றி இருந்த பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். அவளும் அழுகையை அடக்கிக்கொண்டாளாம்.

"அதுக்கும் இந்த மாதிரி நெஞ்சு துடிச்சிருக்குமா?" என்று கேட்டாள்.

துடித்திருக்கும் என்றேன்.

அடுத்த வாரம், புதிதாக அடையில் உட்கார்ந்திருந்த இன்னொரு கோழியை விலக்கிவிட்டு அக்காவே ஒரு முட்டையை எடுத்து, முந்தானையில் பொதிந்து மாடிக்குக் கொண்டுவந்தாள். தனக்கும் காட்டச் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அக்கா குனிந்து வெகுநேரம் பார்த்தாள். அவர் செவுளைப் பற்றியும் வாலைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. துடிப்பு அடங்கும்வரை அவள் கண்ணாடியை விலக்கவில்லை.

"கண்ணெல்லாம் வச்சிருக்கு," என்றாள். பிறகு முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்தது அது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். மறு வெள்ளிக்கிழமை ராவுத்தரிடம் சொல்லி, அந்தப் பிள்ளைக்காக இறந்தவர்களுக்கு ஓதுகிற பாத்தியாவை வீட்டில் ஓதவைத்தாள். எனக்கும் ஒரு கிண்ணம் நெய்ச்சோறு வந்தது. முழுவதும் சாப்பிட்டேன்.

ஏழாம் மாதம் அம்மா வீட்டுக்குச் சோழவந்தானுக்கு ரயிலேறினேன். ஜன்னலுக்கு வெளியே நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் நின்றது. கொக்கு, வாத்துக்கூட்டம், சேற்றில் எருமை, வரப்பில் நடக்கும் மனிதர்கள், எல்லாம் அந்தத் தண்ணீரில் தலைகீழாகக் கூடவே வந்தன. எல்லோரையும் எனக்குத் தெரியும்போல இருந்தது. உள்ளே பிள்ளை உதைத்தது.

ஐப்பசி மழையில் பெண் பிறந்தாள். அவர் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார். தலையைத் துவட்டிவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டார். விரலை நீட்டினார், அவள் இறுகப் பற்றிக்கொண்டாள். அதற்கும் ஒரு பாடம் சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விரலை எடுக்காமல், கை மரத்துப்போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.