காலையில் மட்டும் வந்த ஸ்டேஷன்

எங்கள் காடியில் ரேடியோ இருந்தது. கேசட் போடுகிற வாய் இல்லை. எண்பதுகளில் அது பெரிய குறையாக இருந்தது.

அந்தப் பழைய மோட்டார் காடியில்தான் என் வீட்டுக்காரர் எங்கள் தோட்டத்துப் பெண்கள் நாலு பேரை விடிகாலையில் ஏற்றிக்கொண்டு போய் ஜெலாப்பாங்கில் கையுறை செய்கிற ஃபேக்டரியில் இறக்கிவிடுவார். சாயங்காலம் போய்த் திரும்பக் கூட்டிவருவார். டாக்சி லைசென்ஸ் எல்லாம் கிடையாது. போலீஸ் கேட்டால் எல்லாரும் கொழுந்தியாள் என்று சொல்வதாக ஏற்பாடு. நாலு கொழுந்தியாள் எந்த மனுஷனுக்கு இருக்கும் என்று யாரும் கேட்டதில்லை.

தோட்டம் என்று வாய்ப் பழக்கத்தில் சொல்கிறேன். அப்போதே அங்கே ரப்பர் மரம் இல்லை. எல்லாவற்றையும் தள்ளிவிட்டுச் செம்பனை நட்டிருந்தார்கள். குலை வெட்ட ஆம்பிளைகள் போதும் என்றார்கள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்த நான் வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஒரே மகளை ஆயர் தாவாரில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீட்டில் நானும் சுவரும் இருந்தோம். பேச்சில் இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம். பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரை படித்தேன், வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தாலும் பெஞ்சைப் பார்ப்பேன். மலாயில் கூச்சத்துக்கு மாலு என்று பெயர். லயத்து வீடுகளில் எல்லாரும் என்னை மாலுக்கா என்றே கூப்பிட்டார்கள். வெளியிலிருந்து வருகிறவர்கள் அதுதான் என் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். திருத்துவதற்குப் பேச வேண்டும். விட்டுவிட்டேன்.

அந்த நாலு பெண்களும் கழுத்தில் ஃபேக்டரி அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, கையில் சாப்பாட்டுத் தூக்கோடு காடியில் ஏறுவதைத் தினமும் வாசலில் நின்று பார்ப்பேன். எனக்கும் போக வேண்டும் என்றிருந்தது. இதை வீட்டுக்காரரிடம் சொல்லலாம் என்று பலமுறை வாயைத் திறந்திருக்கிறேன். திறந்த வாய்க்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "சோறு போடவா?" என்று கேட்டுவிட்டு மூடிக்கொள்வேன். அவருக்கு அந்த வருஷம் கொஞ்சம் சதை போட்டது.

அந்த நேரத்து ரேடியோவில் சாமிப் பாட்டு வரும், அப்புறம் செய்தி வரும். பெண்களுக்கு அது பிடிக்கவில்லை.

"அண்ணே, ரப்பர் வெல கூடுனா என்ன, கொறஞ்சா என்ன? மரமே இல்ல. பாட்டு வைங்க லா" என்றாள் ஒருத்தி. எல்லாரிலும் சின்னவள், வாய் மட்டும் பெரியது.

"காடியில கேசட் செட்டு இல்லயே."

"அப்ப நாங்க ஃபேக்டரி பஸ்ல போறோம். அதுல இருக்கு."

வீட்டுக்காரர் அன்றைக்கே ஈப்போவுக்குப் போனார். கேசட் செட்டு வாங்கப் போனவர் விலையைக் கேட்டுவிட்டு, ரேடியோ சாமான் விற்கிற சீனர் கடையில் ஒரு மைக்கை வாங்கிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் விளையாடுகிற மைக். வயர் கிடையாது. வால் மாதிரி ஒரு கம்பி மட்டும் தொங்கும். அதில் பேசினால் பக்கத்தில் இருக்கிற ரேடியோவில் எஃப்எம் பக்கத்தில் குரல் வரும். மருமகன் கொடுத்த வாக்மேன் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. வாக்மேனின் காது மாட்டியை மைக்கின் வாயில் வைத்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார். காடி ரேடியோவைத் திருகித் திருகி, வேறு ஸ்டேஷன் எதுவும் வராத ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார். பாட்டு வந்தது. திரும்பத் தேட வேண்டாம் என்று ரேடியோ கண்ணாடியில் அந்த இடத்தில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார்.

ஆனால் அது மைக் இல்லையா, பாட்டை மட்டும் பிடிக்க அதற்குத் தெரியவில்லை. காடிக்குள் யார் எது பேசினாலும் அதையும் சேர்த்துப் பிடித்து ரேடியோவில் விட்டது. ரேடியோவில் வருகிற சத்தத்தையே மறுபடி பிடித்து, ஊ என்று ஊளையிடவும் செய்தது. முதல் நாள் அவரே மடியில் வைத்து ஓட்டிப் பார்த்தார். எதிரே வந்த செம்பனை லோரிக்காரனை அவர் திட்டியது, காதல் பாட்டுக்கு நடுவில் ரேடியோவில் வந்தது. மறுநாள் அந்தச் சின்னவளிடம் கொடுத்தார். சுங்கை சிப்புட் ரோட்டுக்கு ஏறுவதற்குள் அவள் தன் நாத்தனார் கதை முழுவதையும் ரேடியோவில் சொல்லி முடித்துவிட்டாள். பாட்டு எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அவர் என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாகிவிட்டது.

"நாளைக்குக் காடியில வாரியா?" என்றார்.

"எதுக்கு?"

"பேசாம உக்காந்திருக்கணும்."

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் எனக்குத் தகுதியான வேலை என்று அவர் கண்டுபிடித்தது அதுதான். மறுநாளிலிருந்து நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன். வாக்மேனையும் மைக்கையும் சேர்த்து ஒரு வெள்ளைத் துண்டில் சுற்றி, முந்தானையால் மூடி, மடியில் வைத்துக்கொள்வேன். கம்பி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குறுக்கே சத்தம் போகாது, ஊளையும் கிடையாது. கேசட்டைத் திருப்பிப் போடத் துண்டைப் பிரிக்கும்போது மட்டும் அவர் ரேடியோ சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிடுவார்.

"மாலுக்கா, கொழந்தய நல்லாப் பாத்துக்குங்க" என்பாள் சின்னவள், பின்சீட்டிலிருந்து.

"ஏய், சும்மா இரு லா. அக்கா சிரிச்சா பாட்டு கெட்டுரும்" என்பாள் இன்னொருத்தி.

"கைக்கொழந்தைக்கு வால் இருக்கு பாரு. யாராச்சும் பாத்தா நம்மள நேரா தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் ஏத்துவாங்க." பைத்தியம் என்று கேலி செய்ய எங்கள் பக்கத்தில் அந்த ஊர்ப் பெயர்தான்.

நான் சிரிக்காமல் இருப்பேன். அதற்கு நான் பழகியவள். தினமும் ஜெலாப்பாங் வரைக்கும் போவேன். ஃபேக்டரி வாசலில் பெண்கள் நூற்றுக்கணக்கில் உள்ளே போவதைப் பார்ப்பேன். சங்கு ஊதும். எங்கள் காடி திரும்பிவிடும். வாசல் வரைக்குமாவது வருகிறேனே என்று நினைத்துக்கொள்வேன்.

பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் வேனில் பலகை மில்லுக்கு ஆட்களை ஏற்றிப்போவார். செம்மண் ரோட்டில் ஒன்றை ஒன்று முந்த முடியாது. அதனால் தினமும் எங்களுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருவார். ஆட்களை இறக்கிவிட்டு, அவரும் எங்கள் வீட்டுக்காரரும் ஜெலாப்பாங்கில் ஒரே கடையில் தே குடிப்பார்கள். டீக்கு எங்கள் பக்கத்தில் தே என்று பெயர். நான் இறங்க மாட்டேன். வீட்டுக்காரர் எனக்குத் தேயைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, உறிஞ்சுகுழல் போட்டுக் காடிக்கே கொண்டுவந்து தருவார்.

ஒருநாள் வேன்காரர் சொன்னார். "அண்ணே, இந்த ரோட்டுல காலையில மட்டும் ஒரு ஸ்டேஷன் வருது, கேட்டிருக்கீங்களா? பாட்டா போடறான். வெளம்பரம் இல்ல, நியூஸ் இல்ல. பேரு மட்டும் சொல்ல மாட்டேங்கறான்."

வீட்டுக்காரர் தேயைப் பார்த்துக்கொண்டு, "அப்படியா?" என்றார்.

"உங்க காடி பின்னால வந்தாத்தான் நல்லாப் புடிக்குது. உங்க காடியில ஏதோ இரும்பு நல்ல இரும்பு லா."

"பழைய காடி. அப்பல்லாம் நல்ல இரும்பு போட்டான்" என்றார் வீட்டுக்காரர்.

லைசென்ஸ் இல்லாத காடியில் ரேடியோ ஸ்டேஷனும் நடக்கிறது என்று வெளியே தெரிய வேண்டாம் என்று நினைத்தார். பெண்களிடமும் சொல்லிவைத்தார். ஆச்சரியம்தான், அவர்கள் அந்த ரகசியத்தைக் காப்பாற்றினார்கள்.

இப்படியே சில மாதம் ஓடியது. ஒரு நாள் காலையில், பாதி வழியில் கேசட் ஒரு பக்கம் முடிந்தது. அவர் ரேடியோ சத்தத்தைக் குறைத்தார். நான் துண்டைப் பிரித்தேன். அப்போது அவர் சொன்னார்:

"வர வாரம் கேசட் செட்டு மாட்டிடறேன். கடக்காரன் வெல கொறைச்சுத் தாரேன்னான். அப்புறம் நீ வர வேணாம். முன்சீட்டுல ஒரு ஆள ஏத்திக்கலாம். நீ வீட்டுல நிம்மதியா இரு லா."

நல்லதைச் சொல்கிற குரலில்தான் சொன்னார். பின்னால் இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கேசட்டைத் திருப்பிக்கொண்டே மடியைப் பார்த்து முணுமுணுத்தேன். எனக்கே சரியாகக் கேட்காத குரல். அப்புறம் துண்டைச் சுற்றினேன். அவர் சத்தத்தைக் கூட்டினார். பாட்டு வந்தது. அவ்வளவுதான்.

கடையில் அன்று வேன்காரர் தேயைக்கூட வாங்காமல் எங்கள் காடிப் பக்கம் வந்தார்.

"அண்ணே, இன்னிக்கு அந்த ஸ்டேஷன்ல நாடகம் போட்டாங்க!"

வீட்டுக்காரர் என் கையில் தேப் பையைக் கொடுக்க வந்தவர் அப்படியே நின்றார்.

"மொதல்ல ஒரு ஆம்பள, தூரத்துல பேசுறான். வீட்டுல நிம்மதியா இருன்னு சொல்றான் பொண்டாட்டிகிட்ட. அப்புறம் அவ பேசுறா பாருங்க, பக்கத்துல, காதுக்குள்ள பேசுற மாதிரி. வேன்ல ஒரு ஆள் மூச்சு விடல."

"என்னா பேசுனா?"

வேன்காரர் குரலை மெல்லியதாக்கிக்கொண்டார். "'நிம்மதி வேணும்னு உங்ககிட்ட யாரு கேட்டா? செவுத்தப் பாத்துக்கிட்டு நிம்மதியா இருக்கணுமாம். இந்தப் பிள்ளைங்களோட என்னையும் வேலைக்கு அனுப்புனா கொறஞ்சா போயிருவீங்க? தெனமும் வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போயிக் காட்டிட்டுத் திரும்பக் கூட்டிட்டு வாரீங்களே, அது பாவமில்லயா?'"

ஒரு சொல் விடாமல் சொன்னார். என் குரலில் இருந்ததைவிட அவர் குரலில் நன்றாக இருந்தது. நான் தேப் பைக்காக நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நீட்டியபடியே வைத்திருந்தேன்.

"அப்புறம்?" என்றார் வீட்டுக்காரர்.

"அப்புறம் பாட்டப் போட்டுட்டான் மடப்பய. முடிவு சொல்லல. எங்க ஆளுங்க மில்லு வரைக்கும் அதத்தான் பேசிக்கிட்டு வந்தாங்க. அந்தப் புருஷன் சரியான மரமண்ட லா, அண்ணே. இவ்வளவு கெஞ்சுறா, ஒரு பதில் சொல்லல பாருங்க."

"அவனுக்குக் கேக்கலயோ என்னமோ" என்றார் வீட்டுக்காரர்.

"பக்கத்துல உக்காந்திருக்கான், கேக்காதா? எங்களுக்கே கேட்டுச்சு!"

தேப் பையை என் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர் காடியைச் சுற்றிப் போய் ஏறினார். திரும்பி வரும்போது ரேடியோ போடவில்லை. செமோர் தாண்டும் வரை இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்தோம். நான் தேயைக் குடிக்கவில்லை. உறிஞ்சினால் சத்தம் வரும்.

"அந்த வேலைக்குக் கண்ணு நல்லாத் தெரியணுமாம்" என்றார்.

"தெரியும்."

"கையுறையில பொத்தல் இருக்கான்னு பாக்கணும்."

"இருட்டுல பால்மரம் வெட்டுன கண்ணுதான்."

மறுபடி கொஞ்ச தூரம். "ஓவர்டைம் போட்டாங்கன்னா நான் காத்துக்கிட்டு நிக்க முடியாது."

"வேன்ல வாரேன்" என்றேன். இவ்வளவு விரைவாக நான் எதற்கும் பதில் சொன்னதில்லை. அவர் திரும்பி என் மடியைப் பார்த்தார். துண்டு சுற்றியிருக்கிறதா என்று பார்த்தார் என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரம் சொன்னபடி கேசட் செட்டு மாட்டினார். அதே வாரம் பெண்கள் என்னை நடுவில் விட்டு ஃபேக்டரிக்குள் கூட்டிப்போனார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு மலாய்க்கார அம்மா இருந்தார். பெயர் கேட்டார். நான் மேசையைப் பார்த்தேன். "மாலு!" என்று சின்னவள் முந்திக்கொண்டாள். அந்த அம்மா சிரித்துவிட்டு, "ஜாஙான் மாலு லா, காக்" என்றார். கூச்சப்படாதே அக்கா என்று சொல்கிறாராம். அப்புறம் என் ஐசி அடையாள அட்டையைப் பார்த்துச் சரியான பெயரை எழுதிக்கொண்டார். வேலை கிடைத்தது.

உள்ளே போனால் பால் வாசனை அடித்தது. அதே ரப்பர் பால். நான்தான் அதை விட்டுவிட்டு வந்தேன் என்று நினைத்திருந்தேன். அது எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

காலையில் அதே முன்சீட்டில்தான் போனேன். ஓவர்டைம் உள்ள நாட்களில் வேனில்தான் திரும்பினேன். மில் ஆட்கள் பின்னால் இருப்பார்கள், எனக்கு முன்சீட்டு கொடுப்பார்கள். வேன்காரர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு, இன்னொரு கையால் ரேடியோவைத் திருகிக்கொண்டே இருப்பார். இரைச்சல்தான் வரும்.

"அந்த நல்ல ஸ்டேஷன மூடிட்டான் போலிருக்கு, மாலுக்கா" என்றார் ஒருநாள். "நீங்க அண்ணன் காடியில கேட்டிருப்பீங்களே. வேலைக்குப் போகணும்னு ஒரு பொம்பள கெஞ்சுச்சே, அந்த நாடகம். முடிவு போட்டாங்களா?"

"போட்டாங்க."

"ஐயோ, விட்டுட்டேனே. என்ன ஆச்சு? புருஷன் அனுப்பினானா?"

"அனுப்புனான்" என்றேன். "ஆனா முன்சீட்டுல ஒரு ஆள் ஏத்த முடியலன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லிக்கிட்டு இருக்கான்."

"நான் அன்னிக்கே சொன்னேன், மரமண்டன்னு" என்று சொல்லிவிட்டு, அவர் மறுபடி ரேடியோவைத் திருக ஆரம்பித்தார்.