பக்கக் கிளையில் எடுத்த கண்

1. ரப்பர்க் கை

இந்த நாட்டுக்கும் சுதந்திரம் வந்த சமயத்தில் எங்கள் ரப்பர்த் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். எனக்கு வேலை போயிற்று. பதினான்கு வருடம் ரப்பர் நர்சரியில் ஒட்டுக் கட்டியவன் நான். நூறு கன்றுக்குக் கட்டினால் ஐந்துகூடத் தவறாது. அந்தத் திமிரோடுதான் காஜா பெராங் என்ற ஊரில் ராவுத்தர் ஒருவர் வீட்டுப் பின்புறம் போய் நின்றேன். அவர் டவுனில் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்பவர். காப்பிக் கன்றும் வளர்த்து விற்க அவருக்கு ஆசை.

"காப்பி தெரியுமாப்பா?" என்றார்.

"மரந்தானே முதலாளி. ரப்பரை வளர்த்த கைக்குக் காப்பி என்ன பெருசு?"

நன்றாகச் சிவந்த பழமாகப் பறித்து, பிதுக்கி, வழவழப்புப் போகக் கழுவி, நிழலில் உலர்த்தினேன். தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி மணலில் ஊன்றி, மேலே அத்தாப்பு ஓலைக் கூரை போட்டேன். இரண்டு மாதத்தில் முளைகள் கொட்டையைத் தலையில் சுமந்துகொண்டு எழுந்தன. மூங்கில் கூடைகளுக்கு மாற்றினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் கை சும்மா இருக்காதே.

ராவுத்தர் வேலியோரம் ஒரு மரம் கிளை தெரியாமல் காய்க்கும். அதில் நன்றாகக் காய்த்த பக்கக் கிளைகளாகப் பார்த்து, துளிர் விடும் கண்ணைப் பட்டையோடு சீவி எடுத்து, இருநூறு கன்றுக்கும் ஒட்டினேன். அத்தனையும் பிடித்தது. ஒட்டுக்கு மேலே இருந்த தண்டை வெட்டிவிட்டேன். ராவுத்தர் வந்தவர் போனவரிடமெல்லாம் என் கைராசியைச் சொன்னார்.

அந்த இருநூறும் லெட்சுமிக்கு. அவள் எங்கள் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டியவள். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். கையில் இருந்ததையெல்லாம் போட்டுப் பத்து பெரெண்டாம் என்ற ஊரில் ஒரு துண்டு நிலம் வாங்கியிருந்தாள். மழைக்கு முன் நட்டாக வேண்டும். என்னை நம்பித்தான் கேட்டிருந்தாள்.

2. பூசணிக்கொடி

ரப்பரில் ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை விடக்கூடாது. விட்டால் ஒட்டின் சத்தை அது தின்றுவிடும். காப்பியிலும் வாரா வாரம் அதைக் கிள்ளிக்கொண்டே வந்தேன். ஒட்டிலிருந்து வந்த துளிரோ பக்கவாட்டில் போயிற்று. குச்சி நட்டுக் கட்டினேன். அவிழ்த்ததும் பழையபடி சாய்ந்தது.

லெட்சுமி பார்க்க வந்தாள். "என்னாண்ணே இது, பூசணிக்கொடி மாதிரி தரையத் தேடுது?"

"வெயில் பக்கம் சாயுது லா. போகப் போக நிமிரும்."

எனக்கே தெரியாததைச் சொன்னேன். அவள் நம்பிக்கொண்டு குழி வெட்டப் போனாள்.

பத்து நாள் கழித்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நான் மறந்துபோன கூடை ஒன்றைப் பார்த்தேன். ஒட்டு வழக்கம்போலப் படுத்திருந்தது. கிள்ளாமல் விட்ட கீழ்த்துளிர் மட்டும் குடைக்கம்பி மாதிரி நேராக நின்றது. அப்போதுதான் விஷயம் புரிந்தது. காப்பியில் பக்கக் கிளை என்றைக்கும் பக்கக் கிளைதான். எங்கே ஒட்டினாலும் அது நடுமரம் ஆகாது. நடுமரம் ஆகவேண்டியதை வாரா வாரம் கிள்ளி எறிந்தவன் நான்.

ராவுத்தரிடம் போய்ச் சொன்னேன்.

"இப்படியே குடுத்தா என்னா ஆகும்?" என்றார்.

"இன்னும் கொஞ்ச நாள் குச்சி கட்டி வச்சா யாருக்கும் தெரியாது முதலாளி. நட்டு ரெண்டு வருஷம் போனாத்தான் தெரியும்."

"லெட்சுமிக்கு வீணாக்க ரெண்டு வருஷம் இருக்கா?"

"இல்ல."

"அப்பப் போயி அவகிட்ட நீயே சொல்லு. நான் சொல்லமாட்டேன்."

சைக்கிளில் போனேன். குழியெல்லாம் வரிசையாகத் தயாராக இருந்தது. அதைப் பார்த்ததும் திரும்பி ஓடிவிடலாம் என்றிருந்தது. சொல்லி முடித்தேன். அவள் மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

"நிமிரும்னு சொன்னீங்களேண்ணே."

"தெரியாமச் சொன்னேன். தப்பு என்னுது. ஒட்டை வெட்டிட்டு அடித்துளிரை விட்டா அடுத்த மழைக்குக் கன்னு ரெடி. அதுவரைக்கும் லீவு நாள்ல நானே வந்து இந்த நிலத்துல மரவள்ளி போட்டுத் தரேன்."

மண்வெட்டியை எடுத்து என்னிடம் நீட்டினாள். அன்றைக்கே ஆரம்பித்தேன். மறுநாள் என் ஒட்டுகளை என் கத்தியாலேயே வெட்டினேன். அவமானமாகத்தான் இருந்தது.

3. பழம்

அடுத்த மழைக்கு நேராக நின்ற கன்றுகளை நட்டாள். மூன்றாம் வருடம் பழம் சிவந்தது. பச்சையும் பழமும் ஒரே கிளையில் இருக்கும். உருவக்கூடாது, சிவந்ததை மட்டும் ஒன்றொன்றாகத் திருகி எடுக்கவேண்டும். அது அவளுக்கு நான் சொல்லாமலே வந்தது. ராவுத்தரே போய்க் கொட்டையை விலை கொடுத்து எடுத்துக்கொண்டார். நானும் பிறகு மரத்தை வளைத்துக் கட்டி, நேராக எழும் துளிரில் கண் எடுத்து ஒட்டப் பழகிக்கொண்டேன்.

இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். புதுச் செடி கைக்கு வந்தால், கத்தியை எடுக்குமுன் அது எப்படி வளர்கிறது என்று பொறுத்துப் பாருங்கள்.

என் கையைப் பலர் புகழ்ந்திருக்கிறார்கள். அந்த முதல் பறிப்பில் லெட்சுமி ஒரு கூடைப் பழத்தை என் முன்னால் வைத்து, "நீங்க ஒட்டினது இல்லண்ணே, ஒட்டை வெட்டினதுதான் எனக்குக் காய்ச்சுது" என்றாள்.