லாரி போறதுக்குள்ள நிறையுமா?

நான் ஒரு கம்ப்யூட்டர் ஆட்டம் எழுதினேன்னு சொன்னா எங்க தெருவுல இன்னைக்கும் ஒருத்தரும் நம்ப மாட்டாக. ஆனா அந்த ஆட்டத்தோட படம் ஒட்டின வெடியை ஒரு தீபாவளிக்குச் சாத்தூர்ப் பக்கம் எம்புட்டோ பேரு கொளுத்தியிருக்காக. இதுல நான் ஜெயிச்சேனா தோத்தேனான்னு கேட்டா, சத்தியமா எனக்கே இன்னும் பிடிபடலை. நடந்ததைச் சொல்லுறேன், நீங்களே பாத்துக்கோங்க.

ரெண்டாயிரத்துக்கு அப்புறம் நாலஞ்சு வருசம் இருக்கும். திருத்தங்கல்ல ஒரு ஆப்செட் பிரஸ்ல டிசைன் வேலை பாத்தேன். வெடி லேபிள், தீப்பெட்டி லேபிள், காலண்டர் எல்லாம் என் கைவழியாத்தான் மிஷினுக்குப் போகும். ஆமத்தூர்ல இருந்து பஸ்ஸுல போய்ட்டு வருவேன். பிரஸ் அண்ணாச்சி கணக்கு வேலைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினப்ப, "பழசை எடைக்குப் போட்டு என்னத்தக் காணப் போறோம், நீ கொண்டு போ தாயி"ன்னு எனக்குத் தூக்கிக் கொடுத்துட்டாரு. கறுப்புத் திரையில பச்சை எழுத்து மட்டும்தான் தெரியும். மவுஸ் கிடையாது. பிளாப்பி மட்டும்தான் போடலாம். ஊரெல்லாம் பிள்ளைக கலர் கலரா கார் ஓட்டி விளையாடுற காலத்துல எனக்கு வாய்ச்சது அதுதான். சரி, வாய்ச்சதை வச்சு என்ன செய்ய முடியும்னு பாப்போம்னு ஒரு பழைய புஸ்தகத்தைப் பாத்துப் பாத்து எழுதினேன்.

ஆட்டத்துக்குப் பேரு குடம். தெருவுக்குள்ள தண்ணி லாரி வந்து நிக்கும். ஒரு பொம்பளை குடத்தைத் தூக்கிட்டு ஓடணும். குறுக்க சைக்கிள் வரும், ஆடு வரும், வரிசையில நிக்காம முந்துற மகராசி ஒருத்தி வருவா. எல்லாத்தையும் தாண்டிக் குழாய்க்குப் போனா குடத்துல கொஞ்சம் தண்ணி ஏறும், அதுக்குள்ள லாரி ஹாரன் அடிச்சுக் கிளம்பிரும். அடுத்த சுத்துல இன்னும் வெரசாக் கிளம்பும். குடத்தோட கழுத்து வரைக்கும் நான் போயிருக்கேன், அதுக்கு மேல முடியலை. எழுதினவளுக்கே முடியலைன்னா வேற யாருக்கு முடியப் போகுதுன்னு, நிறைஞ்சா என்ன ஆகும்னு நான் எழுதவே இல்லை.

அந்தப் பொம்பளை எங்கம்மாதான். பச்சைச் சேலை, கொண்டை, இடுப்புல குடம், எல்லாம் கட்டம் கட்டமா வரைஞ்சது. எங்கம்மா வெடிக் கம்பெனியில லேபிள் ஒட்டுறவ. ஒருக்க ஆடிப் பாரும்மான்னு கூப்பிட்டா, "தெருவுல நித்தம் மல்லுக்கட்டுறது பத்தாதாக்கும்? பொட்டிக்குள்ளயும் போய் மல்லுக்கட்டணுமா? போ புள்ள"ன்னு அடுப்படிக்குப் போயிருவா. பிரஸ்ல இருக்கிறவுக அதைவிட மோசம். ரெண்டு நிமிசம் ஆடிட்டு "நல்லாருக்கும்மா"ன்னு சொல்லி டீ குடிக்கக் கிளம்பிருவாக. அந்த "நல்லாருக்கும்மா"வைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். என் முகத்துக்காக இல்லாம, தானா ஆசைப்பட்டு ஒரே ஒரு ஆளு "இன்னொருக்க"ன்னு கேட்டு ஆடணும். அம்புட்டுதான் என் ஆசை.

அதனால விக்கலாம்னு முடிவு பண்ணினேன். காசு கொடுத்து வாங்குறவன் பொய் சொல்ல மாட்டான்ல. பிளாப்பி வாங்கி ஒவ்வொண்ணா ஏத்தினேன். கவருக்கு லேபிள் வேணும். அண்ணாச்சிகிட்ட கேட்டேன். குருவி வெடிப் பாக்கெட்டு லேபிள் ஒரு லோடு ஓடப் போகுது, அந்த ஷீட்டுல ஒரு மூலை காலியாத்தான் போகுது, அங்கன வச்சுக்கோன்னாரு. எங்க ஊரு பிரஸ்ல அது வழக்கம்தான், மூலையைச் சும்மா விட மாட்டாக. எங்கம்மா படத்தைப் போட்டு, மேல 'குடம்'னு பேரு வச்சு, கீழ 'லாரி போறதுக்குள்ள நிறையுமா?'ன்னு பெருசா எழுதி, ஆடினவுக வந்து சொல்லட்டும்னு எங்க ஊரையும் தெருவையும் போட்டேன்.

எனக்கு வேணுங்கிற லேபிளை எடுத்துக்கிட்டு மிச்சத்தை அங்கனயே விட்டுட்டு வந்துட்டேன். அந்த மிச்சம் எம்புட்டுன்னு யோசிக்கலை பாருங்க, அங்கதான் என் புத்தி புல் மேயப் போயிருச்சு. பிளாப்பியை விருதுநகர் பஜார்ல ஒரு ஸ்டேஷனரிக் கடையில கொடுத்து வச்சேன். வாரா வாரம் போய்ப் பாப்பேன், வச்சது வச்ச இடத்துலயே இருக்கும். கடைக்காரருக்கு என்னைப் பாத்தா பாவமாப் போய், கடைசியில அவரே தூசி தட்டி வைக்க ஆரம்பிச்சுட்டாரு.

ஒருநாள் எங்கம்மா வேலை முடிஞ்சு வந்தா, முகமெல்லாம் பல்லு. "ஏ புள்ள, என்னை நானே இன்னைக்குப் பூரா ஒட்டுனேன்!"னா.

எனக்கு ஒண்ணும் விளங்கலை. முந்தானையில முடிஞ்சு வச்சிருந்ததை அவுத்துக் காட்டினா. குருவி வெடிப் பாக்கெட்டு. அது மேல என் லேபிள்.

"நீதான் கம்பெனியில பேசி விட்டிருக்கேன்னு நினைச்சேன். இது நான்தேன், எம்மக போட்ட படம்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்"னா.

அய்யோன்னு தலையில கைய வச்சு உக்காந்துட்டேன். மறுநாள் அண்ணாச்சிகிட்ட போய்ச் சண்டைக்கு நின்னேன். அவரு விசாரிச்சுப் பாத்துட்டுத் தலையைச் சொறிஞ்சாரு. ஷீட்டை வெட்டுற இடத்துல எல்லா லேபிளையும் ஒண்ணாக் கட்டி வெடிக் கம்பெனிக்கு அனுப்பிட்டாக. "ஒரே வெடிக்குப் பத்துப் பார்ட்டி பத்து லேபிள் அடிக்கிற ஊரு தாயி இது. புது லேபிளைப் பாத்ததும் யாரோ புதுப் பார்ட்டின்னு ஒட்டிட்டாக. சீசன் நேரத்துல யாரு நின்னு கேப்பா? போன லோடு போனதுதான்."

இதுக்குக் கோபப்படவா, சிரிக்கவா? ஆட்டம் கடையில தூங்குது. ஆட்டத்தோட படம் வெடிச்சுச் சிதறப் போகுது. எங்கம்மாவோ எங்க போனாலும் இதே பேச்சு. அவ சந்தோசத்தைப் பாத்தா எனக்கு அழுகை வருது, அழுதா அவளுக்குக் காரணம் புரியாது. அப்படியே வேலைக்குப் போய்ட்டு வந்துக்கிட்டிருந்தேன்.

தீபாவளி நெருங்கின ஒரு ஞாயித்துக்கிழமை வாசல்ல பைக் வந்து நின்னுச்சு. வேட்டியை மடிச்சுக் கட்டின வயசான ஆளு.

"குடம் உங்களுதுதான தாயி?"

ஆட்டத்தை ஆடினவுகதான் தேடி வந்துட்டாகன்னு வாசலுக்கு ஓடினேன். "ஆமா, வாங்க, உக்காருங்க."

"சாத்தூர்ல கடை வச்சிருக்கேன். பிள்ளைக அதையேதான் கேக்குதுக. நேத்தோட தீந்துபோச்சு. இன்னும் இருக்கா?"

உள்ள ஓடிப் போய்க் கை நிறைய பிளாப்பியை அள்ளிட்டு வந்தேன். அவரு ஒண்ணை வாங்கி முன்னப் பாத்தாரு, பின்னப் பாத்தாரு, வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. "இதுல திரி எங்கன இருக்கு?"ன்னாரு.

அப்பதான் எனக்கு உறைச்சது. முதல்ல இருந்து எல்லாத்தையும் சொன்னேன். லேபிள் மாறினது, லோடு போனது, இது வெடி இல்லை, ஆட்டம்ங்கிறது, எல்லாம். பாவம், பொறுமையாக் கேட்டாரு. கம்ப்யூட்டர் இருக்கான்னு கேட்டதுக்கு, "நமக்கெதுக்கு தாயி அதெல்லாம்?"னாரு. எங்கம்மா மோர் கொண்டாந்து கொடுத்தா. குடிச்சிட்டு எந்திரிச்சவரு, செருப்பைப் போடாம நின்னாரு.

"வெடி இல்லைன்னா போகட்டும். ஒண்ணு மட்டும் சொல்லிருங்க. அந்தக் குடம் நிறைஞ்சுதா இல்லையா? லேபிளைப் படிச்சிட்டுப் பிள்ளைக என்னைப் போட்டுத் தொளைக்குதுக. கேட்டுட்டு வந்து சொல்லுதேன்னு வேற வாக்குக் கொடுத்துட்டேன்."

எனக்கே தெரியாதே! நிறையாதுன்னு சொல்ல வாய் வரலை. நிறைஞ்சிருச்சுன்னு சொன்னா பச்சைப் பொய்.

எங்கம்மா பின்னாடி நின்னு சொன்னா: "நிறைஞ்சிருச்சுன்னு சொல்லுங்கண்ணே. தளும்பத் தளும்ப நிறைஞ்சிருச்சு."

அவருக்கு முகம் மலர்ந்துருச்சு. அவரு பைக் திரும்பினதும் நான் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தேன். எங்கம்மாவே சொல்லிட்டா, அப்ப நிறையத்தான் வேணும். கடைசிச் சுத்துல லாரி கிளம்பாம நிக்கிற மாதிரி மாத்தினேன். குடம் நிறைஞ்சதும் ஒரு மணிச் சத்தம் வர வச்சேன். எங்கம்மா கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து, இன்னைக்கு நீ ஆடித்தான் ஆகணும்னு உக்கார வச்சேன். சுத்துக்குச் சுத்து திட்டிக்கிட்டேதான் ஆடினா. முன்னச் சுத்தெல்லாம் நான் பக்கத்துல இருந்து கை கொடுத்தேன். கடைசிச் சுத்துல குடம் கழுத்தைத் தாண்டுச்சு, விளிம்புக்கு வந்துச்சு. மணி அடிச்சது.

சந்தோசப்படுவான்னு நினைச்சு அவ முகத்தைப் பாத்தேன். அவ லாரியையே பாத்துக்கிட்டிருந்தா.

"இவன் ஏன் போகாம நிக்கான்?"

"நான்தாம்மா நிறுத்தி வச்சேன். நீதான நிறைஞ்சிருச்சுன்னு சொன்ன."

"அது அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னது. எனக்கெதுக்கு இந்தப் பிச்சை? எந்த லாரிக்காரன் நமக்காக நின்னிருக்கான்?" சேலையை இழுத்து இடுப்புல செருகிக்கிட்டா. "அவனைக் கிளம்பச் சொல்லு. நான் பிடிக்கேன்."

புதுசா எழுதினதை அழிச்சேன். பழைய லாரி வந்து நின்னுச்சு. ரெண்டாவது சுத்துலயே ஆடு முட்டி விழுந்தா. லாரி ஹாரன் அடிச்சுட்டுப் போயிருச்சு. லாரிக்காரனை, அவன் வம்சத்தை, ஆட்டை, ஆட்டை அவுத்து விட்டவளை, எல்லாரையும் ஏசினா. அடுப்புல சோறு பொங்கி வழியுற வாசம் வந்துச்சு. "எம்மா, சோறு"ன்னேன்.

திரையை விட்டுக் கண்ணை எடுக்கலை அவ.

"கிடக்கு. இன்னொருக்க போடு."